குடமும் திறந்த கையும்

நுழையும்முன்

விளையாட்டில் யார் முதலில் ஆடுவது என்பது முதல் பள்ளியில் யாருக்கு இடம் கிடைப்பது என்பது வரை பல முடிவுகளை நாம் குலுக்கலுக்கு விட்டுவிடுகிறோம். சீட்டும் குடமும் இருந்த இடத்தில் இன்று கைப்பேசியின் சமவாய்ப்பு எண் உருவாக்கி வந்து அமர்ந்திருக்கிறது. கருவி மாறும்போது நேர்மையும் தானாகவே உடன் வந்துவிடுமா? ஒரு வகுப்பறை நிகழ்விலிருந்து தொடங்கி இக்கேள்வியை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒரு கேள்வி

நிலக்கடலையை ‘மல்லாட்டை’ என்று அழைக்கும் ஊர்கள் எங்களுடையவை. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால், அறுவடைக் காலத்தில் வீட்டு முற்றங்களில் மல்லாட்டை காய்வதைக் காணலாம். அந்நாள்களில் வகுப்பறையில் சில இருக்கைகள் காலியாக இருக்கும். அவ்வாறு இரண்டு இருக்கைகள் காலியாக இருந்த ஒரு நாளில்தான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

மேல்நிலை முதலாம் ஆண்டு வகுப்பு. பதிவேட்டில் 42 மாணவர்கள். விழுப்புரத்தில் நடைபெறவிருந்த அறிவியல் கண்காட்சியைக் காண 10 பேர் மட்டுமே செல்ல இயலும். வண்டியில் இருந்த இடம் அவ்வளவே. அனைவரும் செல்ல விரும்பினர். எவரையும் மனம் நோகச் செய்யாமல் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று என் கையிலேயே இருந்தது. அன்று வந்திருந்த 40 பேருக்கும் வரிசை எண் கொடுத்தேன். கைப்பேசியில் சமவாய்ப்பு எண் உருவாக்கியைத் திறந்து, 1 முதல் 40 வரை என்று குறித்துப் பொத்தானை அழுத்தினேன். பத்து எண்கள் வந்தன. பத்துப் பேர் மகிழ்ந்தனர். முப்பது பேர் வாடினர். நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற நிறைவுடன் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, இதற்குமுன் எத்தனை முறை அழுத்திப் பார்த்தீர்கள்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க இயலவில்லை. செயலி இயங்குகிறதா என்று பார்ப்பதற்காக ஆசிரியர் அறையில் இருமுறை அழுத்தியிருந்தேன். அவை வெறும் ஒத்திகை என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் மல்லாட்டை பறித்துவிட்டு வந்த மாணவி இன்னொரு கேள்வியைக் கேட்டாள். “அந்தப் பட்டியலில் என் பெயர் இருந்ததா, ஐயா?” முதல் கேள்வியைவிட இது கூர்மையானது. பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, நான் அவளைத் தோல்வியுறச் செய்துவிட்டேன்.

அவ்விரு கேள்விகளும் எனக்குக் கற்பித்ததையே இங்கு எழுதுகிறேன். குலுக்கலின் நேர்மை எண்ணில் இல்லை. எவர் பெயர்கள் உள்ளே போயின, எவர் கண்முன் வெளியே வந்தன என்னும் இரண்டிலேயே அது இருக்கிறது. எண்ணைப் பொறி தரலாம். மற்ற இரண்டையும் மனிதர்தாம் தரவேண்டும்.

தாயக்கட்டை சொல்லும் கணக்கு

நம் வீட்டுத் திண்ணைகள் சமவாய்ப்பை நெடுங்காலமாக அறிந்தவை. சோழி உருட்டுவதும், தாயக்கட்டை உருட்டுவதும், கைக்குள் புளியங்கொட்டைகளை மறைத்து ஒற்றையா இரட்டையா என்று கேட்பதும் நமக்கு விளையாட்டு. புளிய வனம் என்பதே பெயராகியதாகச் சொல்லப்படும் திண்டிவனத்தில் கொட்டைகளுக்கா பஞ்சம்? இவற்றில் வயதுக்கும் வலிமைக்கும் சலுகை இல்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே கட்டத்தின் முன் சமமாக அமரக் காரணம், அடுத்து விழப்போவது எது என்பதை இருவருமே அறியாமைதான்.

தாயக்கட்டைகளைச் சற்று உற்றுப் பார்ப்போம். நீண்ட இரு கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள். அவற்றில் முறையே வெறுமை, 1, 2, 3 என்னும் குறிகள். இரண்டையும் உருட்டினால் 4 × 4 = 16 வகைகளில் அவை விழலாம். கூட்டுத்தொகை மூன்று வருவதற்கு 4 வழிகள் உண்டு. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழிகள். தாயம் எனப்படும் ஒன்றுக்கும், ஐந்துக்கும் இவ்விரண்டு வழிகள். ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு எனக் கொள்ளப்படுவதற்கும் ஒரே வழி.

விளையாட்டின் விதியை இப்போது நினைத்துப் பாருங்கள். மீண்டும் உருட்டும் உரிமையைத் தருபவை ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அரிதாக விழுபவை எவையோ அவற்றுக்கே அந்தச் சிறப்பு! நிகழ்தகவு என்னும் பாடம் பள்ளிக்கு வருவதற்கு முன்பே, எது எளிது, எது அரிது என்பதை ஆடியாடியே அறிந்தவர்கள் இவ்விதியை வகுத்திருக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அவ்வாறெனில் எட்டு முறை உருட்டினால் தாயம் விழுந்தே தீர வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மூவர் ஆடினால் ஒருவர் எட்டு முறை உருட்டியும் வெளியிலேயே காத்திருப்பது இயல்பு. அவர் கைராசி இல்லாதவரும் அல்லர். கட்டையில் சூதும் இல்லை. சமவாய்ப்பு என்பது அனைவருக்கும் சமமான முடிவைத் தருவதன்று; சமமான வாய்ப்பைத் தருவது. இவ்வேறுபாட்டை உணராதவர் தோற்றவுடன் குலுக்கலைப் பழிப்பார்; வென்றவுடன் தம் திறமையைப் புகழ்வார்.

உத்திரமேரூர்க் குடம்

விளையாட்டில் பயின்ற இவ்வறிவை ஊரின் ஆட்சிக்கும் பயன்படுத்தியவர்கள் நம் முன்னோர். அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், கயிற்றால் கட்டப்பட்ட குடத்திலிருந்து ஓலைகளை எடுக்கும் வழக்கத்தை ஓர் உவமைக்குள் வைத்திருக்கிறார். கேட்போர் அனைவரும் அறிந்த ஒன்றையே புலவர் உவமையாக்குவார். ஆகவே இவ்வழக்கம் பழமையானது என்பது தெளிவு.

அதன் விரிவான நடைமுறையைக் காணத் திண்டிவனத்திலிருந்து வடக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டுக்கும் மற்றொன்று கி.பி. 921ஆம் ஆண்டுக்கும் உரியவை. முதலில் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில் திருத்தி எழுதியிருக்கிறார்கள். குறை கண்டவிடத்துத் திருத்திக்கொள்ளும் துணிவும் அக்கல்லில் பதிந்திருக்கிறது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்திலிட்டனர். முதியோர் இளையோர் உள்ளிட்ட சபையோர் கூடியிருந்தனர். நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் அனைவரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அந்தக் கட்டு வேறொரு வெற்றுக் குடத்தில் அவிழ்த்துக் குலுக்கப்பட்டது. அதிலிருந்து அச்சிறுவன் ஓர் ஓலையை எடுத்தான். அதனை மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்கினார். உரக்கப் படித்தார். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதே ஓலையைப் படித்தனர். அதன் பிறகே அப்பெயர் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இந்நடைமுறையின் ஒவ்வோர் அடியும் ஒரு ஐயத்துக்கு விடையாக அமைந்திருப்பதைக் கவனியுங்கள். வேறு குடம் மறைத்து வைத்திருப்பரோ? உயர்த்திப் பிடித்தனர். அறிந்தே எடுப்பாரோ? அறியாச் சிறுவனை அழைத்தனர். ஓலையை உள்ளங்கையில் மாற்றிவிடுவாரோ? விரல்களை விரிக்கச் சொன்னார்கள். மாற்றிப் படிப்பாரோ? பலரும் படித்தார்கள். பொறுப்பாளர்கள் கெட்டவர்கள் என்று கருதி இவ்விதிகளை அமைக்கவில்லை. நல்லவர் நல்லவர் என்பதை ஊரார் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே அமைத்தனர்.

குலுக்கலுக்கே எல்லாவற்றையும் விட்டுவிடவுமில்லை. குடத்தில் பெயர் இடுவதற்கே தகுதிகள் இருந்தன. வயது 35க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரில், முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களாய், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களாய் உள்ள 12 பேர் ஆண்டு வாரியத்திற்குச் சென்றனர். 12 பேர் தோட்ட வாரியத்திற்கும் 6 பேர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். முன்னே தகுதி, நடுவே குலுக்கல், பின்னே ஆராய்ச்சி என்பதே அம்முறை.

பெருமிதம் கொள்ளும் இவ்விடத்திலேயே நாம் நேர்மையாகவும் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆண்களின் பெயர்களே அக்குடத்தில் இடம்பெற்றன. அது சதுர்வேதி மங்கலத்துச் சபை. நிலத்தை உழுதவர், ஏரியின் நீரால் பயிர் விளைத்தவர், பெண்கள் ஆகியோரின் பெயர் எழுதிய ஓலை அங்கே இல்லை. ஓலையை எடுத்த கை நேர்மையானது; ஓலை எழுதிய பட்டியலோ குறுகியது. என் வகுப்பு மாணவி கேட்ட கேள்வியை அவ்வூரின் உழவர் மகள் ஒருத்தி கேட்டிருந்தால், கல்வெட்டிலும் விடை இருந்திராது.

குலுக்கல் பிழைக்கும் இடங்கள்

பட்டியல் முழுமையாக இருந்தாலும், குலுக்குவதில் பிழை நேரலாம். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், வியட்நாம் போருக்கு இளைஞர்களைச் சேர்க்க அமெரிக்க அரசு ஒரு குலுக்கல் நடத்தியது. ஆண்டின் 366 பிறந்த நாள்களும் தனித்தனிச் சிமிழ்களில் இடப்பட்டன. முன்னதாக எடுக்கப்படும் நாளில் பிறந்தவர் முன்னதாகப் போருக்கு அழைக்கப்படுவார். சிமிழ்கள் சனவரி தொடங்கி மாத வரிசைப்படி பெட்டியில் இடப்பட்டன, நன்கு கலக்கப்படவில்லை. விளைவு, டிசம்பரின் 31 நாள்களில் 26 நாள்கள் முதற்பாதியிலேயே எடுக்கப்பட்டன. எவரும் சூழ்ச்சி செய்யவில்லை. குலுக்கல் அரைகுறையாக இருந்தது, அவ்வளவே. ஆனால், அந்த அரைகுறைக்கு விலையாக நின்றவை உயிர்கள்.

நம் வீட்டு விளையாட்டிலும் இத்தகைய பிழை உண்டு. நான்கு நண்பர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஆறு முகப் பகடையை உருட்டுகிறோம் என்க. ஐந்து விழுந்தால் முதலாமவர், ஆறு விழுந்தால் இரண்டாமவர் என்று வைத்துக்கொண்டால், முதல் இருவருக்கும் மற்றவரைப்போல் இருமடங்கு வாய்ப்பு வந்துவிடுகிறது. ஐந்தோ ஆறோ விழுந்தால் மீண்டும் உருட்டுவதே முறை.

நாணயமே நேர்மையற்றதாக இருந்தால் என்ன செய்வது? அதற்கும் அழகிய வழி ஒன்றைக் கணிதவியலார் ஜான் வான் நாய்மன் 1951இல் எடுத்துரைத்தார். நாணயத்தை இருமுறை சுண்டுக. முதலில் பூ, அடுத்துத் தலை எனில் ஒருவர் வென்றார். முதலில் தலை, அடுத்துப் பூ எனில் மற்றவர் வென்றார். இரண்டும் ஒன்றாக விழுந்தால் கணக்கில் கொள்ளாமல் மீண்டும் இருமுறை சுண்டுக. நூற்றுக்கு அறுபது முறை பூ விழும் கோணல் நாணயமாயினும், பூ–தலை வருவதற்கு 0.6 × 0.4 = 0.24, தலை–பூ வருவதற்கு 0.4 × 0.6 = 0.24. கருவி கோணலாக இருக்கலாம். முறை நேராக இருந்தால் முடிவும் நேராகும்.

பொறிக்குள் இருக்கும் விதை

பொறிக்குக் கையில்லை, களைப்பில்லை, வேண்டியவர் வேண்டாதவர் இல்லை. ஆகவே அதன் முடிவு நேர்மையானதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறோம். உள்ளே நடப்பது என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம்.

ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. அதனை 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து மீதியை எழுதுக. அம்மீதியைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. 7இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என எண்கள் வந்து, மீண்டும் 7 வரும். 0 முதல் 15 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒருமுறை வந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும் இவ்வரிசை, முழுக்க முழுக்க ஒழுங்கால் ஆனது. தொடக்க எண்ணை அறிந்தவர் அனைத்தையும் அறிவார். இன்னும் உற்று நோக்குங்கள். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என மாறி மாறி வருகிறது. இதனைக்கொண்டு ஒற்றையா இரட்டையா ஆடினால், இரகசியம் அறிந்தவர் ஒருமுறைகூடத் தோற்கமாட்டார்.

நாம் பயன்படுத்தும் செயலிகளின் கணக்குகள் இதனினும் மிகச் சிக்கலானவை. எனினும் அவற்றுள் பெரும்பாலானவற்றின் அடிப்படை இதுவே. தொடக்க எண்ணை ‘விதை’ என்பர். விதை எதுவோ, விளைச்சலும் அதுவே. கடிகார நேரத்தை விதையாகக் கொள்வதுண்டு. மின்சுற்றுகளின் இரைச்சல் போன்ற, எவராலும் கணிக்க இயலாத இயற்கை நிகழ்வுகளிலிருந்து விதை எடுப்பது மேலும் பாதுகாப்பானது.

விதையையும் நிரலையும் கையில் வைத்திருப்பவரே தவறு செய்தால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இணைந்து நடத்திய பரிசுச்சீட்டு அமைப்பின் தகவல் பாதுகாப்பு இயக்குநர், எண் உருவாக்கும் நிரலுக்குள் சில வரிகளை இரகசியமாகச் சேர்த்தார். ஆண்டின் குறிப்பிட்ட சில நாள்களில் வரும் எண்களை அவரால் முன்கூட்டியே கணிக்க முடிந்தது. 2017இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 25 ஆண்டுகள் வரையிலான சிறைத்தண்டனை பெற்றார். உத்திரமேரூரார் குடத்தை உயர்த்திப் பிடித்ததன் பொருள் இப்போது விளங்கும். திரைக்குப் பின்னால் இருக்கும் குடத்தை எவரும் உயர்த்திக் காட்டுவதில்லை.

எதற்குக் குலுக்கல், எதற்குக் கூடாது

இன்று நம் நாட்டில் குலுக்கல் பொறுப்பான பணிகள் பலவற்றைச் செய்கிறது. தேர்தலில் இருவர் சமமான வாக்குகள் பெற்றால், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 65ஆம் பிரிவின்படி, சீட்டுக் குலுக்கலே முடிவு செய்கிறது. திண்டிவனமாயினும் விழுப்புரமாயினும், வாக்குப்பதிவுப் பொறிகளும் வாக்குச்சாவடி அலுவலர்களும் எங்கே செல்வர் என்பதைக் கணினியின் சமவாய்ப்பு முறையே வகுக்கிறது. இன்ன சாவடிக்கு இன்னார் என்பது முன்கூட்டியே தெரியாதிருப்பதே அங்குப் பாதுகாப்பு. 2019இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆணையைத் தொடர்ந்து, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 வாக்குச்சாவடிகளின் காகிதச் சீட்டுகள் எண்ணிச் சரிபார்க்கப்படுகின்றன. அவ்வைந்தைத் தேர்வதும் வேட்பாளர்தம் முகவர்கள் முன்னிலையில் நடைபெறும் சீட்டுக் குலுக்கலே. பொறியின் கணக்கைச் சரிபார்க்கப் பழைய குடத்தையே அழைத்திருக்கிறோம்!

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்குகிறது. விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுந்தால் குலுக்கல் நடத்தப்படுகிறது. ஐந்து வயதுக் குழந்தைகளுள் எவர் தகுதியானவர் என்று தேர்வு வைப்பதைவிட இது மேலானது. சிபாரிசுக்கு இடம் கொடுப்பதைவிட மிக மேலானது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பற்றாக்குறையைக் குலுக்கல் நேர்மையாகப் பகிர்ந்தளிக்கும், அதனைத் தீர்க்காது. நேர்மையாகக் குலுக்கினோம் என்ற நிறைவில், இன்னும் நான்கு இடங்கள் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிடக் கூடாது.

எனவே குலுக்கலுக்குரிய இடம் எது? உரிமையில் அனைவரும் சமமாக இருந்து, பொருள் மட்டும் குறைவாக இருக்கும் இடம். தேவை வேறுபடும் இடத்தில் அதற்கு வேலையில்லை. நடக்க இயலாத மாணவருக்கு முன்னிருக்கை தருவதற்கு எவரும் சீட்டெடுக்க வேண்டியதில்லை. திறமை வேண்டிய இடத்திலும் அதற்கு வேலையில்லை. ஆராய்ந்து தெளிந்து ஒருவரிடம் வினையை ஒப்படைப்பதற்கெனத் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று வள்ளுவர் தனித்தனி அதிகாரங்களே வைத்திருக்கிறார். பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பும் தலைவருக்குக் குலுக்கல் நல்ல ஒளிவிடம். அந்த ஒளிவிடத்தை நாம் அனுமதிக்கலாகாது.

குலுக்கலைச் சூதிலிருந்தும் பிரித்தறிய வேண்டும். முன்னது இருக்கும் ஒன்றைச் சண்டையின்றிப் பகிர்வதற்கு; பின்னது இல்லாத ஒன்றுக்கு ஆசைப்பட்டு இருப்பதை இழப்பதற்கு. வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தில் சூதைக் கடிந்தார். தமிழ்நாடு 2003இல் பரிசுச்சீட்டு விற்பனைக்குத் தடை விதித்தது. 2022இல் இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. குடும்பங்களைக் குலைத்ததும், ஊர்ச்சபைகளை அமைத்ததும் ஒரே சமவாய்ப்புதான். எதைப் பணயம் வைக்கிறோம் என்பதே வேறுபாடு.

திறந்த கை

கைப்பேசியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குடத்தைத் தேடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பெயர்களுக்கு ஓலை நறுக்க இயலாது. ஆனால், கருவியோடு சேர்த்து நான்கு நெறிகளையும் கைக்கொள்ள வேண்டும். பட்டியலை முன்னரே எழுதி அனைவரும் படிக்க ஒட்டுக. எத்தனை முறை அழுத்துவது என்பதை அழுத்துவதற்கு முன்பே அறிவித்து, ஒருமுறைக்கு மேல் அழுத்தாதிருக்க. முடிவால் ஆதாயமோ இழப்போ இல்லாத ஒருவரை அழுத்தச் செய்க. திரையை அனைவரும் காணுமாறு உயர்த்திப் பிடிக்க. பழைய சுவரில் எழுதியிருப்பவைதாம் இவை, புதியன அல்ல.

சிறு குழுவுக்குக் கருவியே வேண்டியதில்லை. மூன்று நண்பர்கள் ஒரே நொடியில் கையை நீட்டி, 0 முதல் 5 வரை விரும்பிய எண்ணிக்கையில் விரல்களைக் காட்டுங்கள். கூட்டி மூன்றால் வகுங்கள். மீதி 0 எனில் ஒருவர், 1 எனில் அடுத்தவர், 2 எனில் மூன்றாமவர். மூவருள் ஒருவர் மட்டும் எவ்விதச் சார்புமின்றி விரல் காட்டினாலும் போதும். மற்ற இருவர் சேர்ந்து திட்டமிட்டாலும் முடிவைக் கோணலாக்க முடியாது. இங்கும் நேர்மையைக் காப்பது விரிந்த விரல்களே.

இனி என் வகுப்பறைக்குத் திரும்புகிறேன். மறுநாள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பட்டியல் குறைவானது, ஒத்திகையும் மறைவாக நடந்தது. என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேட்டேன். நெடுநேரம் பேசினர். முடிவில் 42 சீட்டுகள் எழுதப்பட்டு, ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே சரிபார்த்து, மண்பானையொன்றில் இட்டனர். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வந்து பத்துச் சீட்டுகளை எடுத்தான்.

அம்மாணவியின் பெயர் வரவில்லை. “இம்முறை என் பெயர் உள்ளே இருந்தது, ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்தாள். ஆனால், முதல் நாள் வென்று மறுநாள் இடம் இழந்த மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவன் இரு நாள்கள் என்னோடு பேசவில்லை. அவன் சினத்தில் நியாயம் இருந்தது. தவறு என்னுடையது, இழப்பு அவனுடையது. தொடங்கும் முன்பே பட்டியலைச் சரிபார்த்திருந்தால் அவனுக்குப் பொய்யான மகிழ்ச்சியையும் அவளுக்கு மெய்யான வருத்தத்தையும் நான் தந்திருக்க மாட்டேன்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் குடத்தில் கைவிட்ட அச்சிறுவனின் பெயரைக் கல்வெட்டு கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை. யார் எடுத்தாலும் அதே நேர்மை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே விதிகள் எழுதப்பட்டன. நாளை உங்கள் கையில் ஒரு பட்டியல் வரும். அது விளையாட்டுக் குழுவாக இருக்கலாம். ஊராட்சியின் பயனாளிகள் பட்டியலாக இருக்கலாம். பொத்தானைத் தொடுவதற்கு முன் ஒருமுறை சுற்றிலும் பாருங்கள். அன்று வயலுக்குச் சென்றிருப்பவர் பெயரும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கற்பவை கற்றபின்…

1. இரு தாயக்கட்டைகளை 64 முறை உருட்டி, விழுந்த எண்களைப் பட்டியலிடுக. கட்டுரையில் கூறப்பட்டுள்ள வாய்ப்புகளோடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

2. ‘குலுக்கல் பற்றாக்குறையைப் பகிர்ந்தளிக்கும்; தீர்க்காது’ – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் வகுப்பின் பொதுப் பணிகளைப் பகிர்ந்துகொள்ள, குலுக்கல் விதிகளை அனைவரும் கலந்துபேசி வகுத்து, வகுப்பறைச் சுவரில் இடம்பெறச் செய்க.